வீட்டுக்கு ஒரு ரவுட்டர் போதும்!

"மாடியில வைஃபை எடுக்கல." இந்த ஒரு வரிப் புகாருக்குப் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான் சொல்லப்படுகிறது: "இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டிடுங்க!" கடைக்காரரும் அதைத்தான் சொல்கிறார். கேபிள்காரரும் அதைத்தான் சொல்கிறார். பக்கத்து வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பையனும் அதையேதான் சொல்கிறான். வாங்கி மாட்டிய அன்று மாடியில் சிக்னல் கோடு முழுதாகத் தெரிகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒரு வாரம் போனதும் வேறு புகார்கள் ஆரம்பிக்கின்றன. கீழே இருக்கும் பிரிண்டர் மாடியில் இருக்கும் லேப்டாப்பில் தெரிவதில்லை. மாடியில் வைத்த சிசிடிவி ரெக்கார்டரைக் கீழே இருந்து போனில் திறக்க முடியவில்லை. போனில் இருக்கும் வீடியோவை ஹால் டிவிக்கு அனுப்பலாம் என்றால், மாடிக்குப் போனதும் அந்த டிவியே போனின் பட்டியலில் இருந்து காணாமல் போகிறது. நெட் வருகிறது, ஆனால் வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் ஒன்றோடு ஒன்று பேச மறுக்கின்றன. பழி முழுதும் இணைப்புக் கொடுத்த கம்பெனி மேல் விழுகிறது.

அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது இன்னொரு ரவுட்டர் அல்ல. ஓர் ஆக்சஸ் பாயிண்ட். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி பிளாஸ்டிக் பெட்டி, ஒரே மாதிரி ஆண்டெனா, ஒரே மாதிரி மின்னும் விளக்குகள். ஆனால் வேலை வேறு. அந்த வித்தியாசத்தை விற்பவர்கள் சொல்லாமல் விடுவதால் வாங்குபவர்களின் காசும் நேரமும் வீணாகின்றன.

ரவுட்டரின் வேலை

ரவுட்டரின் வேலைக்கும் வைஃபைக்கும் உண்மையில் சம்பந்தமே இல்லை. வைஃபை இல்லாத ரவுட்டர்கள் அதற்கு முன்பே இருந்தன, இன்றும் இருக்கின்றன.

இரண்டு வலையமைப்புகளுக்கு நடுவில் நின்று, இந்தப் பக்கத்துத் தகவலை அந்தப் பக்கம் அனுப்புவதுதான் ரவுட்டரின் வேலை. வீட்டைப் பொறுத்தவரை ஒரு பக்கம் இன்டர்நெட், மறுபக்கம் வீட்டுக் கருவிகள். இணையக் கம்பெனி வீட்டுக்குப் பொதுவாக ஒரே ஒரு ஐபி முகவரிதான் தருகிறது. வீட்டிலோ போன், டிவி, லேப்டாப், கேமரா என்று பத்துக் கருவிகள். பத்தும் அந்த ஒரு முகவரியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் பங்கு போடும் முறைக்கு 'நாட்' என்று பெயர். பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. அவை தீர்ந்துபோகும் என்ற பயத்தில் 1994ல் இந்த முறை எழுதி வெளியிடப்பட்டது. வீடுகளும் அலுவலகங்களும் உள்ளுக்குள் மட்டும் பயன்படுத்திக்கொள்ள, 192.168 என்று ஆரம்பிக்கும் முகவரிகள் உட்பட சில தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. 1996ல் வெளியான ஆவணத்தில் இந்த ஒதுக்கீடு இருக்கிறது. பல வீட்டு ரவுட்டர்களைத் திறந்தால் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற எண் கண்ணில் படுவதன் காரணம் இதுதான்.

ரவுட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. புதிதாக வரும் ஒவ்வொரு கருவிக்கும் "உன் எண் இது" என்று ஒரு முகவரி கொடுக்க வேண்டும். இதற்கு டிஎச்சிபி என்று பெயர். வெளியில் இருந்து கேட்காமல் வரும் தகவலை வாசலிலேயே தடுப்பதும் ரவுட்டர்தான். சுருக்கமாகச் சொன்னால், வீட்டின் வாட்ச்மேன், தபால்காரர், கணக்குப்பிள்ளை மூவரும் அது ஒன்றே.

ஆக்சஸ் பாயிண்ட்டின் வேலை

ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. கேபிளில் வருவதைக் காற்றில் விடும், காற்றில் வருவதைக் கேபிளில் விடும். அவ்வளவுதான்! முகவரி கொடுக்காது, கணக்கு வைக்காது, இன்டர்நெட் என்று ஒன்று இருப்பதுகூட அதற்குத் தெரிய வேண்டியதில்லை. அதன் வழியாக இணையும் போனுக்கு முகவரி கொடுப்பது கீழே இருக்கும் ரவுட்டர்தான். அதனால் மாடியில் இருக்கும் லேப்டாப்பும் கீழே இருக்கும் பிரிண்டரும் ஒரே வலையமைப்பில் இருக்கும், ஒன்றையொன்று பார்க்கும்.

இதை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிடலாம். தொட்டியில் இருந்துதான் வீடு முழுதும் தண்ணீர் போகிறது. மாடி அறைக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் யாரும் அந்த அறைக்கென்று இன்னொரு தொட்டி கட்டுவதில்லை, ஒரு பைப் இழுத்துக் குழாய் மாட்டுகிறார்கள். ரவுட்டர் தொட்டி, லேன் கேபிள் பைப், ஆக்சஸ் பாயிண்ட் குழாய். குழாய் வேண்டிய இடத்தில் தொட்டி கட்டச் சொல்வதுதான் இன்று நடக்கும் யோசனை.

குழப்பம் எப்படி வந்தது?

வயர்லெஸ் வலையமைப்புக்கான முதல் தரம் 1997ல் வந்தது. 1999ல் வந்த 802.11பி வேகத்தை 11 மெகாபிட்டாக உயர்த்தியது. 'வைஃபை' என்ற பெயரும் அந்த ஆண்டுதான் பிறந்தது. அதே ஆண்டு ஆப்பிள் விற்ற ஏர்போர்ட் பெட்டியில் வைஃபையோடு டயல்-அப் மோடமும் சேர்ந்தே இருந்தது. பல வேலைகளை ஒரே பெட்டிக்குள் போட்டு விற்கும் பழக்கம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

வித்தியாசத்தை நன்றாகக் காட்டுவது லிங்க்சிஸ் கம்பெனியின் இரண்டு பெட்டிகள். 2002ன் கடைசியில் வந்த டபிள்யூஆர்டி54ஜி ஒரு வைஃபை ரவுட்டர். அதே நீலம்-கறுப்பு நிறத்தில், அதே இரட்டை ஆண்டெனாவோடு விற்கப்பட்ட டபிள்யூஏபி54ஜி ஓர் ஆக்சஸ் பாயிண்ட். பின்னால் திருப்பிப் பார்த்தால் கதை புரிந்துவிடும். முதல் பெட்டியில் இன்டர்நெட்டுக்கு ஒரு துளை, வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு நாலு துளை. இரண்டாவதில் கேபிளுக்கு ஒரே ஒரு துளை. உள்ளே வருவதும் வெளியே போவதும் அதே வழி என்றால் அது வாசல் இல்லையே, வெறும் குழாய்தானே!

2003ல் அந்த ரவுட்டருக்குள் இருந்த மென்பொருளின் மூல நிரல் வெளியானது. அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இன்னொரு விஷயம் தெளிவானது. வைஃபையும் அந்த நாலு துளைகளும் உள்ளே ஒன்றாகக் கோர்க்கப்பட்டிருந்தன. இன்டர்நெட் துளை மட்டும் தனியாக இருந்தது. நடுவில் ரவுட்டர். அதாவது வைஃபை ரவுட்டர் என்பது தனியான ஓர் இனம் அல்ல. ஒரு ரவுட்டர், ஒரு ஸ்விட்ச், ஓர் ஆக்சஸ் பாயிண்ட் மூன்றும் ஒரே பெட்டியில் குடியிருக்கும் கூட்டுக் குடும்பம். இன்று ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டியில் நாலாவதாக மோடமும் சேர்ந்துகொண்டது. "மோடம்", "ரவுட்டர்", "வைஃபை" எல்லாம் ஒன்றுதான் என்று மக்கள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் பார்த்தது ஒரே பெட்டியைத்தான்.

இரண்டாவது ரவுட்டர் என்ன கெடுக்கிறது?

கீழே முதல் ரவுட்டர் 192.168.1 என்று ஆரம்பிக்கும் எண்களைக் கொடுக்கிறது. மாடியில் இரண்டாவது ரவுட்டர் 192.168.0 என்று ஆரம்பிக்கும் எண்களைக் கொடுக்கிறது. வீடு ஒன்று, வலையமைப்பு இரண்டு. பிரிண்டர், டிவி போன்றவை "இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று தங்கள் வலையமைப்புக்குள் குரல் கொடுத்துத்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. கீழே இருப்பவர்களுக்கு மாடியில் இருக்கும் கருவிகளும் எட்டாது, ஏனென்றால் கேட்காமல் வருபவரைத் தடுப்பதுதான் ரவுட்டரின் வேலை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. வைத்த இடம்தான் தப்பு.

இரண்டு ரவுட்டரும் ஒரே 192.168.1 வரிசையைக் கொடுத்தால் இன்னும் மோசம். மாடியில் இருக்கும் ரவுட்டருக்கு எது உள்ளே, எது வெளியே என்றே தெரியாமல் போகும், நெட்டே வராமல் நிற்கலாம்.

கேபிளை இன்டர்நெட் துளைக்குப் பதிலாக லேன் துளையில் செருகி, வேறு எதையும் மாற்றாமல் விட்டால் அது வேறு கூத்து. ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்க ஆரம்பிப்பார்கள். யார் முந்துகிறார்களோ அவர் கொடுப்பதுதான் எண். ஒரு போன் வேலை செய்யும், இன்னொன்று செய்யாது. காலையில் வரும், சாயங்காலம் வராது. இந்த மாதிரிக் கோளாறில்தான் மக்கள் பெட்டியையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆன்லைன் கேம் ஆடுபவர்களுக்கும், வெளியூரில் இருந்து வீட்டு கேமராவைப் பார்ப்பவர்களுக்கும் முகவரி மாற்றம் இரண்டு முறை நடப்பது தனித் தொல்லை. பல இணையக் கம்பெனிகள் முகவரிப் பற்றாக்குறையால் தங்கள் பக்கத்திலும் இதே மாற்றத்தைச் செய்கின்றன. அதற்கென்றே ஒரு முகவரித் தொகுதி 2012ல் ஒதுக்கப்பட்டது. ஆக மொத்தம் மூன்று வாசல்!

பூட்டு ஒன்று என்றால் பார்த்துக்கொள்வது சுலபம்

வசதிக் குறைவோடு போனால் பரவாயில்லை. பாதுகாப்பும் இதில் இருக்கிறது. 2016ல் 'மிராய்' என்ற தீய மென்பொருள் உலகம் முழுதும் கேமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் பிடித்தது. அது பெரிய மந்திரம் எதுவும் போடவில்லை. கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை என்பதுதான் அதன் மூலதனம். 2018 மே மாதம் 'விபிஎன்ஃபில்டர்' என்ற இன்னொன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருப்பது தெரிய வந்தது. ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடும்படி அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது.

ஆக்சஸ் பாயிண்ட்டுக்கும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும், அதற்கும் அப்டேட் உண்டு. ஆனால் முகவரி, ஃபயர்வால், பார்வர்டிங் என்று அமைத்துப் பராமரிக்க வேண்டியவை ஒரே இடத்தில் இருந்தால் பார்த்துக்கொள்வது சுலபம். முதல் ரவுட்டரின் பாஸ்வேர்டையே மாற்றாத வீட்டில் இரண்டாவதையும் வைப்பது, பூட்டத் தெரியாத வீட்டுக்கு இன்னொரு வாசல் வைப்பது போலத்தான்.

பழைய பெட்டிக்கே புது வேலை

பல வீடுகளில் இதற்குக் காசே செலவழிக்க வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் பழைய வைஃபை ரவுட்டருக்குள் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் ஏற்கனவே இருக்கிறது. மற்ற வேலைகளை நிறுத்தினால் போதும்.

முதலில் அந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. இல்லாவிட்டாலும் கவலை இல்லை, நாலு வேலைதான்:

1. லேப்டாப்பைக் கேபிளில் அந்தப் பழைய பெட்டியோடு மட்டும் இணைத்து, அதன் சொந்த லேன் முகவரியை மாற்ற வேண்டும். முதன்மை ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 வைக்கலாம். முதன்மை ரவுட்டர் மற்றக் கருவிகளுக்குக் கொடுக்கும் எண்களுக்குள் அது வரக்கூடாது.

2. டிஎச்சிபியை அணைக்க வேண்டும். இதை மறந்தால் மேலே சொன்ன கூத்து நிச்சயம்.

3. வைஃபைக்குக் கீழே இருக்கும் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் கொடுக்கலாம். மாடி ஏறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11 வைத்தால் இரண்டும் மோதிக்கொள்ளாது.

4. கீழ் ரவுட்டரின் லேன் துளையில் இருந்து வரும் கேபிளைப் பழைய பெட்டியின் லேன் துளையில் செருக வேண்டும். இன்டர்நெட் துளை காலியாகவே இருக்கட்டும்.

இதில் செலவு என்றால் கேபிள்தான். செம்புக் கேபிளில் 100 மீட்டர் வரை போகலாம், வீட்டுக்கு அது தாராளம். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் இழுக்கக் கூடாது. பழைய டெலிபோன் அல்லது கேபிள் டிவி வயருக்குப் போட்ட பைப் இருந்தால் நல்லது. கரண்ட் போனால் கீழே இருக்கும் பெட்டிக்கு மட்டும் இன்வெர்ட்டர் இருந்து பயனில்லை, மாடிப் பெட்டிக்கும் இருக்க வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மிகப் பழைய பெட்டிகளின் வேகம் இன்றைய ஃபைபர் இணைப்புக்குப் போதாது. துளைகள் 100 மெகாபிட் மட்டும் தாங்கும் பெட்டி என்றால் மாடியில் அதற்கு மேல் வராது. வகுப்பைக் கவனிக்கவும் படம் பார்க்கவும் அதுவே போதும். ஆனால் அப்டேட் வருவது நின்றுபோன பெட்டியை எக்காரணம் கொண்டும் இன்டர்நெட்டுக்கு நேராக வாசலில் வைக்காமல் இருப்பது நல்லது.

ஆறு ஆண்டெனா, ரிப்பீட்டர், மெஷ்

கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டு வேறு வழி தேடுபவர்கள் உண்டு. ஆறு ஆண்டெனா வைத்த பெரிய ரவுட்டர் ஒன்றை வாங்கினால் மாடிக்கும் எடுக்கும் என்பது ஒரு நம்பிக்கை. வைஃபை என்பது இரு வழிப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும், போனின் சின்னக் குரல் கான்கிரீட் தளத்தைத் தாண்டித் திரும்பி வர வேண்டுமே! 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், ஆனால் சுவரைத் துளைக்கும் சக்தி குறைவு. கம்பி போட்ட கான்கிரீட் தளத்துக்கு முன்னால் அது சீக்கிரம் தோற்றுப்போகும்.

ரிப்பீட்டர் இன்னொரு வழி. கீழே இருந்து வருவதைக் காற்றிலேயே வாங்கி, மறுபடி காற்றிலேயே விடும். ஒரே ரேடியோ இரண்டு வேலையும் பார்த்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கேபிள் இழுக்கவே முடியாத வாடகை வீட்டுக்கு அது சரி. சொந்த வீட்டில் அது தற்காலிக வைத்தியம்தான்.

விளம்பரத்தில் 'மெஷ்' என்று வருவதும் அதிசயப் பொருள் அல்ல. ஒரு பெட்டி ரவுட்டர், மற்றவை ஆக்சஸ் பாயிண்ட்கள் என்பதுதான் வழக்கமான அமைப்பு. அவை தங்களுக்குள் காற்றிலோ கேபிளிலோ பேசிக்கொள்கின்றன. கேபிளில் இணைத்தால் மெஷ்ஷும் நன்றாக ஓடும். வீட்டுக்கு ஒரு ரவுட்டர் என்ற கொள்கையைத்தான் அந்தப் பெட்டிகளும் அதிக விலைக்கு விற்கின்றன!

இரண்டு ரவுட்டர் தேவையே இல்லையா?

சில இடங்களில் தேவைதான். வாடகைக்கு இருப்பவரின் கருவிகளும் வீட்டுக்காரரின் கருவிகளும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்று நினைப்பது நியாயம். ஆனால் அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டரை வைத்தால், பின்னால் இருப்பவருக்குத்தான் பாதுகாப்பு. அவர் முன்னால் இருக்கும் வலையமைப்பை எட்ட முடியும், முன்னால் இருப்பவர் அவரை எட்ட முடியாது. மாடிக் குடித்தனத்துக்கு இரண்டாவது ரவுட்டர் கொடுத்துவிட்டு "நம்ம கேமரா பத்திரம்" என்று வீட்டுக்காரர் நினைத்தால், நடப்பது அதற்கு நேர் எதிர். விருந்தினருக்கான தனி வைஃபை வசதி முதன்மை ரவுட்டரிலேயே இருந்தால் அதைப் பயன்படுத்துவது மேல்.

யார் மேல் தப்பு?

வாங்குபவர் மேல் தப்பு சொல்ல முடியாது. தனி ஆக்சஸ் பாயிண்ட்கள் பெரும்பாலும் அலுவலகங்களுக்காகச் செய்யப்படுகின்றன. பல நேரம் அவற்றின் விலை சாதாரண வைஃபை ரவுட்டரைவிட அதிகமாகவே இருக்கிறது, சின்ன ஊர்க் கடைகளில் கிடைப்பதும் அரிது. அதனால் மாடிக்கு மலிவான வைஃபை ரவுட்டர் ஒன்றை வாங்குவதில்கூடத் தப்பில்லை. அதை ரவுட்டராகவே ஓட விடுவதில்தான் தப்பு.

விற்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "வீட்ல ஏற்கனவே ரவுட்டர் இருக்கா?" இருக்கிறது என்றால், பெட்டியைக் கொடுக்கும் முன் அதை ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அட்டைப் பெட்டி மேல் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடும் கம்பெனிகள், "ஏற்கனவே ரவுட்டர் இருந்தால் இப்படி மாட்டவும்" என்று உள்ளூர் மொழியில் இரண்டு வரி போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்? புது இணைப்புக் கொடுக்க வருபவர், அமைப்புப் பக்கத்தின் பாஸ்வேர்டை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அது இல்லாமல் வீட்டுக்காரர் தன் வீட்டு வலையமைப்பிலேயே அந்நியர்.

வைஃபை என்பது இன்டர்நெட் அல்ல, வீட்டுக்குள் இருக்கும் கடைசிச் சில மீட்டர் தூரம் மட்டும். அந்தத் தூரத்தைக் கடக்க மாடியில் ஒரு குழாய் போதும். இரண்டாவது தொட்டிக்குக் காசு கொடுப்பதற்கு முன் பரணில் ஒரு முறை தேடிப் பார்ப்பது நல்லது.